தோட்டா அறையின் அமுக்கம்
கையால் தோட்டா நிரப்புவோர் அறிய வேண்டுவன

ரைபிள் தோட்டா ஒன்றைச் சுட்டபின் குண்டு போய்விடுகிறது. மருந்து எரிந்து தீர்ந்துவிடுகிறது. கேப்பும் மறுபடி உதவாது. எஞ்சி நிற்பது பித்தளைக் கூடு ஒன்றே. ஆயினும் தோட்டாவின் விலையில் பெரும்பகுதி அக்கூட்டிற்கே உரியது. ஆகையால் கூட்டை எறிந்துவிடாமல், புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் உபயோகிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1870-களில் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொண்டனர். அந்நாட்டில் இன்றும் வேட்டைக்காரரும் பந்தயத்தில் குறி சுடுவோரும் சிக்கனத்தை உத்தேசித்தும், தத்தம் துப்பாக்கிக்குப் பொருத்தமான தோட்டாவை அடைய வேண்டியும் இதனை வீட்டிலேயே செய்து வருகின்றனர்.

இந்தியாவில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிய லைசென்ஸ் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றமாகும். ஆதலால் இக்கட்டுரை அத்தொழிலைக் கற்பிக்கும் நோக்கமுடையதன்று. தோட்டாவினுள் உண்டாகும் அமுக்கம் எத்தகையது, அது எவ்வாறு உயருகிறது, அதனை ஏன் கண்ணால் மதிப்பிட முடியாது என்பவற்றை விளக்குவதே இதன் நோக்கம். இவ்விஷயத்தை அறியாமையால் கண்ணையும் விரல்களையும் இழந்தோர் உண்டு. அறிந்திருந்தும், "இவ்வளவு போதும்" என்று கைப்பழக்கத்தை நம்பிக் கெட்டவர்களும் உண்டு.

தோட்டாவின் உறுப்புக்கள்

ரைபிள் தோட்டாவிற்கு உறுப்புக்கள் நான்கு. முதலாவது பித்தளைக் கூடு. இது மற்ற மூன்றையும் தாங்கி நிற்பது. இரண்டாவது, கூட்டின் அடியில் நடுவே பதிக்கப்பட்ட கேப்பு. துப்பாக்கியின் ஊசி தாக்கியவுடன் தீப்பொறி தருவது இது. மூன்றாவது, கூட்டினுள் இடும் மருந்து. நான்காவது, கூட்டின் வாயில் செருகப்பட்ட குண்டு.

தோட்டா துப்பாக்கிக் குழலின் பின்முனையிலுள்ள அறையில் பொருந்தி உட்காருகிறது. இதற்கே தோட்டா அறை என்று பெயர். பின்புறத்தைப் போல்ட்டு என்னும் தாழ் அடைத்து நிற்கிறது. மருந்து எரியும்போது பித்தளைக் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்புறம் கசியாதபடி காக்கிறது. அமுக்கம் தணிந்தவுடன் சிறிது சுருங்கி அறையை விட்டு எளிதில் வெளிவருகிறது. விரிந்து சுருங்கும் இக்குணமே பித்தளையின் அருமை. இக்குணத்திற்கு ஓர் எல்லையுண்டு என்பதை மறத்தலாகாது.

அமுக்கம் உண்டாகும் விதம்

மருந்து எரிந்தவுடன் மிக்க உஷ்ணமுள்ள வாயுவாக மாறுகிறது. அவ்வாயு நாற்புறமும் நெருக்குகிறது. அறையின் சுவர் அசையாது, தாழும் அசையாது, அசையக் கூடியது குண்டு ஒன்றே. ஆகவே குண்டு குழலின் வழியே முன்னோக்கித் தள்ளப்படுகிறது.

இந்த நெருக்கத்தின் அளவை அறிய ஓர் ஒப்பீடு உதவும். சைக்கிள் சக்கரத்தில் அடைத்த காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 50 ராத்தல். அமெரிக்க ராணுவத்தில் 1906-ம் வருஷத்தில் வழக்கத்திற்கு வந்த .30-06 என்னும் ரைபிள் தோட்டாவிற்கு இன்று விதிக்கப்பட்ட உச்ச வரம்பு சதுர அங்குலத்திற்கு 60,000 ராத்தல். அதாவது சைக்கிள் சக்கரத்தைப் போல் 1,200 மடங்கு. கூட்டின் உட்புற அடிப்பரப்பைச் சதுர அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு என்றே கொண்டாலும், அத்தாழின்மேல் 6,000 ராத்தல், அதாவது இரண்டரை டன்னுக்கு மேற்பட்ட பாரம் ஒரு கணத்தில் விழுகிறது. சுடுகிறவனுடைய முகம் அத்தாழிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே இருக்கிறது.

மருந்து, தன் பரப்பிலிருந்து உள்நோக்கி எரிவது. சுற்றிலும் அமுக்கம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு விரைவாக அது எரியும். விரைவாக எரிந்தால் வாயு மிகும். வாயு மிகுந்தால் அமுக்கம் ஏறும். அமுக்கம் ஏறினால் எரிவது இன்னும் விரையும். கடனில் வட்டியே முதலாகி, அவ்வட்டி மறுபடியும் வட்டி ஈனுவதற்கு இது ஒப்பாகும். இவ்வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது ஒன்றே: குண்டு முன்னே நகர்ந்து வாயுவிற்கு இடம் விடுதல். குண்டு சில அங்குலம் நகர்வதற்குள்ளாகவே அமுக்கம் உச்சத்தை அடைந்து தணியத் தொடங்குகிறது. ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால், அதில் ஒன்று அல்லது இரண்டு கூறு நேரத்திற்குள் எல்லாம் முடிந்து குண்டு குழலை விட்டு நீங்குகிறது.

ஆகவே மருந்தின் அளவிற்கும் அமுக்கத்திற்கும் உள்ள உறவு நேர் விகிதமன்று. மருந்தைச் சிறிது கூட்டினால் குண்டின் வேகம் சிறிதே கூடும். அமுக்கமோ அதனினும் பன்மடங்கு விகிதத்தில் கூடும். வரம்பை நெருங்க நெருங்க இவ்வேற்றம் செங்குத்தாகிறது. கடைசியாகச் சேர்க்கும் ஒரு சிறு அளவு மருந்து மிகக் குறைந்த லாபத்தையும் மிகுந்த அபாயத்தையும் ஒருங்கே தருகிறது.

கரிமருந்தும் புகையற்ற மருந்தும்

கண்ணளவை நம்பும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பழைய கரிமருந்தின் வரலாற்றைக் கவனிக்க வேண்டும். வெடியுப்பு 75 பங்கு, அடுப்புக்கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்தது கரிமருந்து. இது எரியும்போது நிறையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாகாமல் புகையும் கசடுமாகவே போய்விடும். ஆதலால் இதன் வலிமை அடக்கமானது. அக்காலத்துத் தோட்டாக்களில் கூடு கொண்ட மட்டும் மருந்தை நிரப்பினர். 1873-ம் வருஷத்தில் அமெரிக்க ராணுவத்தில் வந்த .45-70 தோட்டாவின் பெயரே இதனை விளக்கும்: குண்டின் குறுக்களவு அங்குலத்தில் நூறில் 45 பங்கு, மருந்து 70 கிரெயின். கூடு நிறைந்தால் அளவு சரி. அதற்குமேல் இட இடமில்லை. எனவே கண்ணே போதிய அளவுகோலாக இருந்தது.

1884-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து ரசாயன நிபுணர் பால் வியேய் என்பவர் பருத்தியையும் நைட்ரிக் அமிலத்தையும் மூலமாகக் கொண்ட புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 1889-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஏபெல், டீவார் என்ற இரு விஞ்ஞானிகள் கார்டைட் என்னும் மருந்தை அமைத்தனர். வெடிபஞ்சு, நைட்ரோகிளிஸரின், சிறிதளவு வாஸலின் ஆகியவற்றைப் பிசைந்து கயிறு போல் இழுத்தது அது. நீலகிரி ஜில்லாவில் அருவங்காட்டில் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பெற்ற தொழிற்சாலை இந்தக் கார்டைட்டைச் செய்வதற்காகவே ஏற்பட்டது.

புகையற்ற மருந்து ஏறத்தாழ முழுவதும் வாயுவாகிவிடுகிறது. ஒரே நிறையில் கரிமருந்தைக் காட்டிலும் பன்மடங்கு வேலை செய்கிறது. இங்கேதான் பழைய பழக்கம் பகையாயிற்று. 1890-களையடுத்த வருஷங்களில் வேட்டைத் துப்பாக்கிகளுக்கென இருவகைப் புகையற்ற மருந்துகள் கடைகளில் விற்கப்பட்டன. ஒருவகை, கரிமருந்தை அளந்த அதே கரண்டியால் அளந்து இடத்தக்கது. மற்றொரு வகை அடர்த்தி மிக்கது. அதனைத் தராசில் நிறுத்தே இட வேண்டும். இவ்வேறுபாட்டை உணராமல் அடர்ந்த மருந்தைப் பழைய கரண்டியால் அளந்து இட்டவர்களின் துப்பாக்கிகள் பிளந்தன. ஒரு படி பொரியும் ஒரு படி அரிசியும் படியளவில் ஒன்றே. நிறையிலும் சோற்றிலும் ஒன்றாகுமா? மருந்தின் விஷயமும் அத்தகையதே.

இக்காலத்துப் புகையற்ற மருந்துகளில் பலவகை உண்டு. கைத்துப்பாக்கிக்கென அமைந்தவை விரைந்து எரியும். பெரிய ரைபிள்களுக்கென அமைந்தவை நிதானமாக எரியும். விரைந்து எரியும் மருந்தை ரைபிள் கூட்டில் பாதி இட்டாலே அது நாசத்திற்குப் போதும். ஆயினும் பார்வைக்கு இரண்டும் கருத்த சிறு துகள்களே. நிறத்தாலும் உருவத்தாலும் இன்னதென்று நிச்சயிக்க இயலாது.

அமுக்கத்தை அளக்கும் முறை

கண்ணுக்குப் புலப்படாததும் கணத்தில் மறைவதுமான அமுக்கத்தை அளக்க 19-ம் நூற்றாண்டின் நடுவிலேயே முயற்சிகள் தொடங்கின. அமெரிக்க ராணுவ அதிகாரி ராட்மன் என்பவர் பீரங்கிக் குழலில் துளையிட்டு, வாயுவின் நெருக்கத்தால் ஒரு கத்திமுனை செம்புத் தகட்டில் பதியும் ஆழத்தைக் கொண்டு கணக்கிட்டார். பின்னர் இங்கிலாந்தில் ஆன்ட்ரூ நோபிள் என்பவர் கத்திமுனைக்குப் பதிலாகச் சிறு செம்பு உருளையை வைத்து, அது எவ்வளவு நசுங்கியது என்று அளக்கும் முறையை வகுத்தார். பரீக்ஷைக் குழலின் அறையில் துளையிட்டு, துளையில் ஓர் உலக்கையைப் பொருத்தி, அதன்மேல் செம்பு உருளையை நிறுத்திச் சுடுவர். நசுங்கிய உருளையை நுட்பமான கருவியால் அளந்து, முன்னரே தயாரித்த அட்டவணையோடு ஒத்துப் பார்த்து அமுக்கத்தைக் குறிப்பர்.

செம்பு நசுங்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. ஆகையால் ஒரு கணமே நின்று மறையும் உச்ச அமுக்கத்தை அது முழுவதும் காட்டுவதில்லை. பிற்காலத்தில், நெருக்கினால் மின்சாரம் பிறப்பிக்கும் ஸ்படிகங்கள் உபயோகத்திற்கு வந்தன. ஸ்படிகங்களின் இக்குணத்தை 1880-ம் வருஷத்தில் கண்டறிந்தவர்கள் ஜாக் க்யூரி, பியேர் க்யூரி என்ற சகோதரர்கள். இம்முறையில் அமுக்கம் ஏறி இறங்கும் விதம் முழுவதும் ஒரு கோடாகவே தெரிகிறது.

இவ்விரு முறைகளும் தரும் எண்கள் ஒன்றல்ல என்பதைக் கையால் நிரப்புவோர் உணர்தல் அவசியம். அமெரிக்காவில் துப்பாக்கியும் தோட்டாவும் உற்பத்தி செய்வோரின் சங்கம் ஒன்று 1926-ம் வருஷத்தில் ஏற்பட்டு, ஒவ்வொரு தோட்டாவிற்கும் உச்ச வரம்பை நிர்ணயித்து வருகிறது. அவ்வரம்புகளில் மூன்றை இங்கே காண்போம். .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர், .270 வின்செஸ்டர் ஆகிய மூன்றிற்கும் செம்பு அளவில் வரம்பு ஒன்றே, அது 52,000. ஸ்படிக அளவிலோ முறையே 55,000, 62,000, 65,000 ராத்தல். ஓர் எண்ணை மற்றோர் எண்ணாக மாற்றப் பொதுவான வாய்பாடு எதுவும் இல்லை என்பது இதனால் விளங்கும். பழைய புத்தகத்தில் செம்பு அளவில் கண்ட எண்ணைப் புதிய புத்தகத்தின் எண்ணோடு ஒத்துப் பார்த்து, "இன்னும் இடமிருக்கிறது" என்று கருதுவது பெரும் பிழையாகும்.

அமுக்கத்தை உயர்த்தும் காரணங்கள்

மருந்தின் நிறை ஒன்றே அமுக்கத்தை நிர்ணயிப்பதில்லை. கீழ்க்கண்டவை ஒவ்வொன்றும் அதனை மாற்றவல்லவை.

1. குண்டு. கனத்த குண்டு மெதுவாக நகருவதால் வாயுவிற்கு இடம் தாமதித்தே கிடைக்கிறது. நிறை ஒன்றாயினும், உலோகத்தின் கடினமும் குழலோடு உராயும் பரப்பும் வேறுபட்டால் அமுக்கமும் வேறுபடும்.

2. குண்டைச் செருகும் ஆழம். குண்டு குழலின் முறுக்குக் கோடுகளைத் தொட்டபடி நின்றால், புறப்படும்போதே அதிக எதிர்ப்பைச் சந்திக்கும், அமுக்கம் உயரும். மாறாக, சிறிய கூடுகளில் குண்டை அளவுக்கு மீறி உள்ளே அழுத்தினால் மருந்திற்குரிய இடம் குறைந்து அதனாலும் அமுக்கம் உயரும்.

3. கூடு. ராணுவத்திற்கென்று செய்த கூடுகளிற் சில தடித்த சுவருடையவை. வெளியளவு ஒன்றாயினும் உள்ளிடம் குறைவு. ஆகவே ஒரே நிறை மருந்து அவற்றில் அதிக அமுக்கம் தரும். பலமுறை சுட்ட கூடு நீண்டுவிடும். வாய் நீண்டு அறையின் முனையில் முட்டினால் குண்டை இறுகப் பற்றிக்கொள்ளும்; இதுவும் அபாயமே.

4. கேப்பு. ஒருவகைக் கேப்பிற்குப் பதிலாக வலிமை மிக்க மற்றொரு வகையை இட்டால், மருந்து பற்றும் வேகமே மாறிவிடும்.

5. உஷ்ணம். மருந்து சூடேறியிருந்தால் விரைந்து எரியும். கார்டைட் இக்குணம் மிகுதியும் உடையது. இந்தியா, ஆப்பிரிக்கா ஆகிய உஷ்ணப் பிரதேசங்களில் பெரிய மிருகங்களை வேட்டையாடுவதற்கென இங்கிலாந்தில் செய்த ரைபிள்கள் பலவற்றிற்கு மிகப் பெரிய கூட்டை அமைத்து, அமுக்கத்தை வேண்டுமென்றே தாழ்வாக வைத்தனர். 1911-ம் வருஷத்து .416 ரிக்பி இதற்கு ஓர் உதாரணம். குளிர்ந்த காலையில் வரம்பிற்குள் நின்ற தோட்டா, வெயிலில் நின்ற வண்டியில் கிடந்தபின் வரம்பு மீறலாம்.

6. மருந்து மிகக் குறைதல். நிதானமாக எரியும் மருந்தை நிர்ணயித்த குறைந்த அளவிற்கும் கீழே குறைத்து, பெரிய கூட்டில் இட்டுச் சுட்டபோதும் துப்பாக்கிகள் சேதமுற்றதுண்டு. ஆதலால் குறைத்தால் எப்போதும் பத்திரம் என்ற எண்ணமும் சரியன்று.

அறிகுறிகளை எவ்வளவு நம்பலாம்?

அமுக்கமானி வீட்டில் இல்லாதவர்கள் சுட்ட கூட்டைப் பார்த்து அமுக்கத்தை ஊகிப்பது வழக்கம். கேப்பு தட்டையாகி அதன் ஓரம் பரவியிருத்தல். ஊசி தாக்கிய குழியைச் சுற்றி வரம்பு எழும்பியிருத்தல். தாழைத் திறக்கக் கடினமாயிருத்தல். கூட்டின் அடியில் தாழின் அச்சு பளபளப்பாகப் பதிந்திருத்தல். கேப்பு உட்காரும் குழி அகன்று புதுக் கேப்பு தளர்வாக நிற்றல் ஆகியவை அவர்கள் காணும் அறிகுறிகள். இவற்றுள் ஏதேனும் ஒன்று கண்டால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் இவை காணப்படவில்லை என்பதைக் கொண்டு அமுக்கம் சரியாயிருக்கிறது என்று முடிவு செய்யலாகாது. கேப்பின் உலோகம் ஒரு தொழிற்சாலைக்கும் மற்றொன்றிற்கும் வேறு. மெல்லியது விரைவில் தட்டையாகும், கடினமானது வரம்பு மீறியும் உருண்டையாகவே நிற்கும். பித்தளை தன் எல்லையைக் கடந்து நெகிழ்ந்த பின்னரே தாழ் இறுகுவதும் அச்சுப் பதிவதும் நிகழும். அதற்குள் அமுக்கம் வரம்பைத் தாண்டிவிட்டிருக்கும்.

பழைய துப்பாக்கிகளின் விஷயத்தில் இது உயிரைப் பற்றிய விஷயமாகிறது. முன்கூறிய .45-70 தோட்டாவின் வரம்பு 28,000 ராத்தல். 1873-ம் வருஷத்து மாதிரித் துப்பாக்கி அதற்கு மேல் தாங்க அமைந்ததன்று. பித்தளையோ அதனினும் இருமடங்கு அமுக்கத்தையும் அடையாளம் காட்டாமல் தாங்கிவிடும். கூடு அடையாளம் காட்டுவதற்குள் துப்பாக்கி உடைந்துவிடும். இதே தோட்டாவிற்குப் பிற்காலத்தில் மிக்க வலிமையுள்ள ரைபிள்களும் செய்யப்பட்டன. ஆகையால்தான் நிரப்பும் அளவைக் கூறும் புத்தகங்கள் இத்தோட்டாவிற்குத் துப்பாக்கியின் வலிமைக்கேற்பத் தனித்தனி அட்டவணைகள் தருகின்றன. வலிய ரைபிளுக்குரிய அட்டவணைப்படி நிரப்பிய தோட்டா பழைய துப்பாக்கியிலும் தடையின்றி நுழையும். பின்விளைவு மட்டும் வேறாயிருக்கும்.

கண்ணளவால் விளைந்த கேடு

கண்ணளவு துப்பாக்கியைச் செய்யும் இடத்திலேயே பெருங்கேடு விளைத்ததற்குச் சரித்திரச் சான்று உண்டு. அமெரிக்க ராணுவத்தின் 1903-ம் வருஷத்து மாதிரி ஸ்பிரிங்பீல்டு ரைபிள்களில் சில, 1917-ம் வருஷத்தில் சுடும்போது உடைந்தன. தோட்டா அறைக்குப் பின்னின்று தாழைத் தாங்கும் ரிசீவர் என்னும் எஃகுப் பகுதி, சுத்தியலால் அடித்த கண்ணாடி போல் சிதறிற்று. விசாரித்ததில் காரணம் வெளிப்பட்டது. உலையில் எஃகின் உஷ்ணத்தைத் தேர்ந்த கொல்லர்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே நிர்ணயித்து வந்தனர். மந்தாரமான நாளில் ஒருவிதமாகத் தோன்றும் செந்நிறம் பிரகாசமான வெயிலில் மங்கித் தோன்றும். எனவே வெயில் நாளில் எஃகு 300 பாரன்ஹீட் டிகிரி வரை மிகுதியாகக் காய்ந்துவிட்டது. அவ்வாறு காய்ந்த எஃகு கடினமாயிருந்தும் நொறுங்கும் தன்மை அடைந்தது.

அதன்பின் உலைகளில் உஷ்ணமானிகள் வைக்கப்பட்டன. எஃகைப் பதப்படுத்தும் முறையும் 1918-ம் வருஷத்தில் மாற்றப்பட்டது. ஸ்பிரிங்பீல்டு தொழிற்சாலையில் 800,000 என்ற எண்ணிற்கும், ராக் ஐலண்டு தொழிற்சாலையில் 285,507 என்ற எண்ணிற்கும் கீழ்ப்பட்ட ரைபிள்கள் பழைய முறையில் செய்யப்பட்டவை. ஜூலியன் ஹாச்சர் என்ற ராணுவ அதிகாரி 1947-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியுள்ளார். அக்கொல்லர்கள் அநுபவமற்றவர்கள் அல்லர். ஆயினும் வெயிலும் மேகமும் அவர்கள் கண்ணை ஏமாற்றின.

பித்தளைக் கூட்டைப் பேணுதல்

தோட்டாக் கூட்டிற்குரிய பித்தளை, செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்தது. இதைப்பற்றி இந்தியாவோடு தொடர்புடைய செய்தி ஒன்றுண்டு. 19-ம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் சேனையினர் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தனர். அவற்றின் கூடுகள் எவரும் தொடாமலே வெடித்துக் கீறின. குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு, உருவாக்கும்போது பித்தளையில் தங்கிவிட்ட உள்நெருக்கம், மழைக்கால ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்து இக்கேட்டை விளைத்தன என்பது பின்னர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டால் அவ்வுள்நெருக்கம் தணியும். அம்மோனியா கலந்த மெருகுத் திராவகங்களால் கூட்டைத் துலக்கலாகாது என்பது இதனின்று பெறும் பாடம்.

கூடு ஒவ்வொரு முறையும் விரிந்து, அச்சில் அழுத்தப்பட்டு, மீண்டும் விரிகிறது. இதனால் அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து வருகிறது. வெளியே மங்கலான வளையம் போல் கோடு தோன்றினால் அங்கே கூடு இரண்டாகப் பிரியும் தறுவாயிலிருக்கிறது என்று அறியலாம். முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். அத்தகைய கூட்டை நசுக்கி எறிந்துவிட வேண்டும். கூடு பிரிந்தால் உஷ்ணமான வாயு தாழின் வழியே பின்னோக்கிப் பாயும்.

அநுசரிக்க வேண்டிய விதிகள்

இத்தொழில் சட்டப்படி அநுமதிக்கப்பட்ட நாடுகளில், அநுபவமுள்ளவர்கள் கைக்கொள்ளும் விதிகள் பின்வருமாறு:

1. மருந்து உற்பத்தியாளரோ குண்டு உற்பத்தியாளரோ பரீக்ஷித்து அச்சிட்ட அட்டவணையையே பின்பற்ற வேண்டும். நண்பர் கூறிய அளவு, அவர் துப்பாக்கிக்குச் சரியாயிருந்தாலும் வேறொரு துப்பாக்கிக்குச் சரியென்பதில்லை.

2. அட்டவணையில் தொடக்க அளவு என்று குறித்ததிலிருந்தே தொடங்கிச் சிறிது சிறிதாக உயர வேண்டும். உச்ச அளவிலிருந்து தொடங்கலாகாது.

3. மருந்து, குண்டு, கூடு, கேப்பு ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் மறுபடியும் தொடக்க அளவிற்கே திரும்ப வேண்டும்.

4. மருந்தைத் தராசில் நிறுக்க வேண்டும். ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின். இத்தொழிலில் கிரெயினில் பத்தில் ஒரு பங்கும் கணக்கிற்குரியது. வேலை தொடங்குமுன் நிர்ணயமான எடைக்கல்லை வைத்துத் தராசையே சோதிக்க வேண்டும்.

5. மேஜைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மீதியை அதே டப்பாவில் திரும்ப இட வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத மருந்தை ஊகத்தால் உபயோகிக்கலாகாது. இரு மருந்துகளைக் கலக்கவும் கூடாது.

6. மருந்திட்ட கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, குண்டைச் செருகுமுன் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் உள்ளும் பார்க்க வேண்டும். இருமுறை மருந்து விழுந்ததும், விழாமலே போனதும் அப்போது தெரியும். கண்ணுக்கு உரிய வேலை இதுவே: ஒன்று மற்றொன்றிலிருந்து வேறுபடுவதைக் காணுதல். எவ்வளவு என்று கூறும் வேலை தராசினுடையது.

7. சுடும்போது ஓசை வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தால், குண்டு குழலிலேயே தங்கியிருக்கக் கூடும். மருந்து தாமதித்துப் பற்றலாம் என்பதால், குழலைத் தீங்கற்ற திசையில் நிறுத்திச் சிறிது நேரம் பொறுத்த பின், தாழைக் கழற்றிக் குழலைச் சோதிக்காமல் அடுத்த தோட்டாவைச் சுடலாகாது.

8. தேதி, மருந்தின் பெயர், தொகுதி எண், நிறை, குண்டு, கேப்பு, கூடு எத்தனையாவது முறை நிரப்பப்பட்டது ஆகியவற்றைப் புத்தகத்தில் அன்றன்றே பதிய வேண்டும். பதிவில்லாத தோட்டா, ரசீதில்லாத வரவு போன்றது. எங்கிருந்து வந்தது என்று பின்னர் எவராலும் சொல்ல இயலாது.

9. நிரப்பும்போதும் சுடும்போதும் கண்ணாடி அணிதல் வேண்டும். பிறர் நிரப்பிய தோட்டாவைச் சுடலாகாது.

இவ்விதிகள் எதிலும் பெருஞ் செலவு இல்லை. தராசும் எடைக்கல்லும் குறிப்புப் புத்தகமும் பொறுமையும் இருந்தால் போதும். நூறு தோட்டா பிசகின்றி வெடித்தது என்பது நூற்றோராவது தோட்டாவிற்கு ஜாமீன் ஆகாது. நூறும் வரம்பின் விளிம்பிலேயே நின்றிருக்கலாம். வெயில் ஏறிய ஒரு நாள், சற்றுத் தடித்த ஒரு கூடு, புதிதாக வாங்கிய ஒரு டப்பா மருந்து ஆகியவை ஒன்று சேர்ந்தால் விளிம்பு கடந்துவிடும். அட்டவணையின் உச்ச அளவிற்கு நன்கு கீழே நின்று நிரப்புவோருக்கு இவை யாவும் சேர்ந்து வந்தாலும் தாங்க இடமிருக்கும். அவ்விடத்தை விட்டுவைப்பதே இத்தொழிலில் முதன்மையான சிக்கனம்.